கோழி அடைஞ்சிட்டுது

1

மார்கழி பிறந்தால் எங்கள் ஊரில் கோழிகள் பகல் இரண்டரை மணிக்கே அடையத் தொடங்கிவிடும். ஊர் என்று நான் இங்கே எழுதுவது மன்னாரில் நான் பிறந்த நறுவிலிக்குளத்தை அல்ல. நோர்வேயின் நடுப்பகுதியில், மலைக்கும் கடல் உள்ளே நுழைந்த ஒரு நீண்ட குடாவுக்கும் இடையில், என் மகள் ஆரணி பிறந்த வருடத்திலிருந்து நாங்கள் வாழும் இடத்தைச் சொல்கிறேன். அதையும் ஊர் என்று சொல்லப் பழகிவிட்டேன். சொல்லும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் இடறும்.

மன்னாரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கோழி அடையும் நேரம் எதுவென்று விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு சட்டம். "கோழி அடையிறதுக்குள்ள வந்து சேர்ந்திட வேணும்" என்று அம்மா சொல்வா. மணிக்கூடு பார்க்கிற வேலை இல்லை. வயலில் நின்றாலும் குளத்தடியில் நின்றாலும், கோழிகள் முற்றத்துக்குத் திரும்புகிற அந்த வெளிச்சம் தெரியும். சண்டைக் காலத்தில் அந்தச் சட்டம் இன்னும் இறுகியது. வளர்ந்த ஆண்பிள்ளைகள் இருந்த எல்லா வீட்டிலும் இறுகியது.

அந்தச் சட்டத்தை நான் என்னோடு இங்கே கொண்டுவந்துவிட்டேன். ஆரணி முதலாம் வகுப்புக்குப் போன வருடம், மார்கழியில், இரண்டு மணிக்கே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். மற்றப் பிள்ளைகள் இருட்டில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி விளையாடுவார்கள். என் பிள்ளையை மட்டும் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருவேன். ஒருநாள் ஆசிரியை என்னை ஓரமாக அழைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றேன். கோழி அடைந்துவிட்டது என்பதை நோர்வேஜிய மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்போது எங்களிடம் கோழியும் இல்லை.

2

கோழி வந்தது நான்கு வருடத்துக்கு முன். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிற பெரித் என்ற பெண்மணி, என் வயதுதான் இருக்கும், தன் கோழிகளில் நான்கை எங்களுக்குத் தந்தார். சும்மா வாங்கிவந்து வளர்க்க ஏலாது. நகரசபைக்கு எழுதிக் கேட்கவேண்டும், அயலவர் எவருக்கும் ஆட்சேபம் இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும், சேவல் கூடாது, கூட்டின் அளவு இன்னது என்றெல்லாம் உண்டு. நாங்கள் இந்த நாட்டில் தங்குவதற்கு நடந்த விசாரணையைவிட இது கொஞ்சம் இலேசு என்று என் மனைவி வதனி சொன்னாள்.

நான் கட்டின கூட்டைப் பெரித் வந்து பார்த்தார். இரட்டைப் பலகை, நடுவில் கம்பளிப் பஞ்சு, கதவுக்கு இரண்டு கொளுக்கி, அதற்கு மேல் ஒரு பூட்டு.

"இதற்குள் யாரை வைக்கப் போகிறாய், கோழியையா கைதியையா?" என்று கேட்டார்.

மொழி என்னை விழுத்தியதும் இந்தக் கூட்டடியில்தான். நோர்வேஜிய மொழியில் 'லுக்கெ' என்றால் மூடுவது. 'லிக்கெ' என்றால் மகிழ்ச்சி. எழுதினால் இரண்டும் வேறு. அவர்கள் வாயில் இருந்து வரும்போது என் காதுக்கு இரண்டும் ஒன்று. பின்னேரத்தில் எங்கே ஓடுகிறாய் என்று பெரித் கேட்கும்போதெல்லாம், கோழிகளை மூடப்போகிறேன் என்று நினைத்து, கோழிகளை மகிழ்ச்சிப்படுத்தப் போகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒருநாளும் திருத்தவில்லை. ஆரணிதான் கேட்டுவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. என்னோடு சேர்ந்து சிரித்த காலம்.

நான்கு கோழிகளில் மூன்று சொன்ன சொல் கேட்கும். நாலாவது, கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, கூட்டுக்குள் போகாது. வெளிச்சம் குறையத் தொடங்கியதும் பின்வளவில் நிற்கிற ஊசியிலை மரத்தில் தாவி ஏறிவிடும். நான் ஏணி வைத்து ஏறிப் பிடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து கூட்டுக்குள் விட்டுப் பூட்டுவேன். பனி கொட்டினாலும் விடமாட்டேன். புள்ளி என்று அதற்குப் பெயர். என் முழங்கையில் இருக்கிற கீறல்கள் எல்லாம் அது போட்டவை.

"விட்டுவிடு. குளிர் அதற்கு ஒன்றும் செய்யாது. இறகை ஊதிக்கொண்டு காலுக்கு மேல் குந்தியிருக்கும். ஈரமும் காற்றும்தான் கூடாது. அந்த மரம் இரண்டையும் மறைக்கும். தலையில் இருக்கிற கொண்டைப் பூவுக்கு மட்டும் கொஞ்சம் களிம்பு பூசு" என்றார் பெரித்.

"நரி?"

"நரி மரம் ஏறாது. ஆந்தை வரலாம். வராமலும் விடலாம்."

வரலாம், வராமலும் விடலாம். இப்படிச் சொல்லிவிட்டு இவர்களால் போய்ப் படுத்து நித்திரை கொள்ள முடிகிறது. நான் ஏணியை எடுக்கப் போனேன்.

3

இந்த நாட்டில் எல்லோரும் வெளியில் படுக்கிறார்கள். ஆரணியை ஒரு வயதில் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்தபோது, மதியம் போல் எட்டிப் பார்த்தேன். பனிக்குள் வரிசையாகத் தள்ளுவண்டில்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிள்ளை, மூக்குநுனி மட்டும் சிவப்பாகத் தெரிய, நித்திரை. அதில் ஒன்று என்னுடையது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வெளிக்காற்றில் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று அவர்கள் வதனியைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார்கள். அவளுக்கு விளங்கியது.

வகுப்பு ஏற ஏற இதுவும் வளர்ந்தது. காட்டில் ஓர் இரவு, குடாக்கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு. பெற்றோர் சம்மதத்தைக் கைபேசியில் கேட்பார்கள். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு பெட்டியை அமத்தவேண்டும். நான் எப்போதும் இல்லை என்றுதான் அமத்தினேன். தடிமன், வயிற்றுக்குத்து, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒரு காரணம் எழுதுவேன். போன இலையுதிர் காலத்தில் ஆரணி தானே வந்து கேட்டாள்.

"அப்பா, எல்லாரும் போகினம். நான் மட்டும்தான் இல்லை. எப்பவும் நான் மட்டும்தான்."

"பகல்ல போ. இரவுக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன்."

"ஏன்?"

"நான் சொல்லுறன், அதுதான்."

அன்று அவள் அழவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை. அதற்குப் பிறகு என்னோடு தமிழில் கதைப்பதை நிறுத்தினாள். அவ்வளவுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். மரியாதையாக, சுருக்கமாக, ஓர் அரசாங்கக் கந்தோரில் ஆள் பதில் சொல்வது போல. அறைக்குள் அவள் தாயோடு தமிழ் கதைப்பது எனக்கு வெளியில் கேட்கும். நான் உள்ளே போனதும் நின்றுவிடும்.

"இஞ்சருங்கோ, அவளுக்குப் பதினாறு. எத்தினை நாளைக்குக் கூட்டுக்குள்ள வச்சிருப்பீங்கள்?" என்றாள் வதனி.

இந்த மாசி முதல் வாரத்தில் வகுப்பு மலைக்குப் போகிறது என்றும், பனியைக் குடைந்து குகை செய்து அதற்குள் ஓர் இரவு படுக்கிறார்கள் என்றும் அடுத்த செய்தி வந்தது. பெட்டி கைபேசியில் திறந்தே கிடந்தது. நான் தொடவில்லை. இந்த முறையும் இல்லை என்றால், அவள் தாயோடு கதைக்கிற தமிழும் எனக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். படிப்புக்கு வேறு நகரம் போக இன்னும் இரண்டு வருடம்தான் இருக்கிறது. போனபிறகு எந்த மொழியிலும் அழைக்காமல் விடலாம்.

4

நான் குளிர்காலத்தில் வீதிப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன். மார்கழியில் ஒருநாள் நிறுத்தாமல் பனி கொட்டியது. மதியம் கூப்பிட்டு, விடியும்வரை நிற்கச் சொன்னார்கள். வதனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டரை மணிக்கு மலையடிவாரத்தில் வண்டியை ஓரம்கட்டி, ஆரணிக்குக் கைபேசியில் எடுத்தேன்.

"பிள்ளை, புள்ளி? அடைச்சாச்சோ?"

பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் வந்தது. பிறகு சொன்னாள்:

"அடைஞ்சிட்டுது, அப்பா."

தமிழ்! மூன்று மாதத்துக்குப் பிறகு என் பிள்ளை வாயிலிருந்து எனக்கென்று ஒரு தமிழ்ச் சொல். 'அப்பா' என்று வேறு. எனக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. "நல்லது குஞ்சு" என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த இரவு முழுக்கப் பாட்டுப் பாடாத குறையாக வண்டி ஓட்டினேன்.

காலையில் வீட்டுக்கு வந்தபோது வானம் அப்போதுதான் நீலம் பிடித்துக்கொண்டிருந்தது. மைனஸ் பதினெட்டு. வழக்கம் போல நேரே கூட்டுக்குப் போனேன். கொளுக்கி இரண்டும் போட்டிருந்தது. திறந்தால் மூன்று கோழி.

ஏணியை எடுக்காமலே மரத்தடிக்கு ஓடினேன். தண்டோடு ஒட்டிய கிளையில், பனி மூடிய ஓர் உருண்டை. தலை தெரியவில்லை. அடிக்கிளையைப் பிடித்து எம்பி, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த உருண்டைக்குள் கையை விட்டேன். உள்ளே சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கின பானையைத் தொட்டது போலச் சுட்டது. புள்ளி தலையை வெளியே எடுத்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, குளிரை உள்ளே விட்டதற்காகப் பேசத் தொடங்கியது.

நான் பனிக்குள் அப்படியே குந்திவிட்டேன். ஆரணி படுக்கை உடுப்போடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னப்பா, விழுந்திட்டீங்களா?"

"அடைச்சாச்சு எண்டு சொன்னாய்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. அடைஞ்சிட்டுது எண்டு சொன்னனான்." அந்த 'ஞ்'சை அவள் இழுத்து, தனியாக எடுத்து எனக்குக் காட்டினாள். "நீங்கள்தானே சொல்லித் தந்தீங்கள்? அடைக்கிறது எண்டா நாங்கள் பிடிச்சுப் பூட்டுறது. அடையிறது எண்டா அதுவாப் போய் இருக்கிறது. அது தனக்குப் பிடிச்ச இடத்தில போய் இருந்திட்டுது. நான் பொய் சொல்லேல்லை."

"எனக்குப் பிழையாக் கேக்கும் எண்டு உனக்குத் தெரியும்."

"ஓம். தெரியும்" என்றாள். பிறகு கொஞ்சம் பயந்தவள் போல, "ஆனா அது சாகேல்லைத்தானே, அப்பா? ஏன் இப்பிடிப் பனிக்குள்ள இருக்கிறீங்கள்?"

5

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எடுப்பாள். என் ஒரே அக்கா. சண்டை முடியும் முன் அம்மாவோடு படகேறி இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், அம்மாவை அங்கே எரித்துவிட்டு, நறுவிலிக்குளத்துக்குத் திரும்பி எங்கள் பழைய வளவிலேயே இருக்கிறவள். முகத்தைக் கைபேசிக்கு மிக அருகில் கொண்டுவந்து கதைப்பாள். எங்களுக்குப் பாதி நெற்றிதான் தெரியும். அந்த ஞாயிறு ஆரணி என் கையிலிருந்து கைபேசியைப் பறித்தாள்.

"மாமி, குளிருக்கை கோழி வெளியில படுக்கலாமோ?"

"குளிர் எண்டா எவ்வளவு, பிள்ளை?"

"மைனஸ் பதினெட்டு."

"எனக்கு உந்தக் கணக்கு விளங்காது. மீன்பெட்டியில ஐஸ் போட்ட மாதிரியோ?"

"அதைவிடக் கூட, மாமி."

"அம்மாடி! அப்ப கோழியை விடு, கொப்பர் எப்பிடி இன்னும் கெடாமல் இருக்கிறார்?" அக்கா என்னை வைத்துச் சொன்ன தன் பகிடிக்குத் தானே சிரித்தாள். "இஞ்ச என்ர கோழி எல்லாம் நறுவிலி மரத்திலதான். கூடே இல்லை."

"ஏன் கூடு இல்லை?"

நெற்றி விலகியது. முதல்முறையாக அக்காவின் முழு முகமும் தெரிந்தது.

"கொப்பர் சொல்லேல்லையோ?"

என் தம்பி சுதனைப் பற்றி ஆரணிக்குத் தெரிந்தது ஒரு படமும் 'காணாமல் போனவர்' என்ற சொல்லும்தான். அந்தச் சொல்லை வைத்து, சித்தப்பா எங்கோ வெளியே போய்த் தொலைந்தவர் என்று அவள் தனக்குள் விளங்கிவைத்திருந்தாள். வெளியே விடாத தகப்பனோடு வளர்ந்த பிள்ளை வேறு எப்படி விளங்கும்?

"அவன் வெளியில போனவன் இல்லைப் பிள்ளை" என்றாள் அக்கா. "அண்டைக்குக் கோழி அடைய முதலே வந்திட்டான். கால் கழுவிப்போட்டுப் பாயில இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன். அம்மா கூட்டை அடைச்சு, படலையையும் கட்டிப்போட்டு வந்தவ. அதுக்குப் பிறகுதான் ஆமிக்காரங்கள் வந்தவங்கள். விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவங்கள். கை கழுவக்கூட விடேல்லை."

"அப்பா?"

"கொப்பர்தான் அண்டைக்கு வீட்ட வரேல்லையே."

நான் வரவில்லை. அப்போது எனக்கு மன்னார் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. அன்று பின்னேரம் பாலத்தடியில் பாதையை மூடிவிட்டார்கள். டவுன் இருக்கிற தீவுக்குள் அகப்பட்டவன், கூட வேலை செய்த நண்பரோடு தாராபுரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் முதன்முதலாகக் கோழி அடைந்த பிறகும் வெளியில் நின்ற நாள் அது. வீட்டுக்குள் பெண்கள் இருந்தபடியால் எனக்கு முற்றத்தில் பாய் போட்டார்கள். கடற்காற்று. அதைப்போல ஒரு நித்திரை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதை எழுதத்தான் கை கூசுகிறது.

மறுநாள் மதியம் வீடு போய்ச் சேர்ந்தேன். வாசல் படலை திறந்து கிடந்தது. கோழிக்கூடு மட்டும் அடைத்தபடி. திறந்துவிட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. உள்ளே அவை கத்திக்கொண்டிருந்தன. எப்போதும் மரத்திலேயே படுக்கிற ஒரு கோழி மட்டும் ஒன்றும் நடவாதது போல முற்றத்தில் கொத்திக்கொண்டு நின்றது. சில நாளில் அம்மா அந்தக் கூட்டைக் கொத்தி விறகாக்கினா. படலையை அதன்பிறகு கட்டவே இல்லை.

அக்கா கந்தோர் கந்தோராக ஏறினாள். இன்றைக்கும் கூப்பிட்டால் போகிறாள். ஒவ்வோர் அதிகாரியின் கதிரைக்கு முன்னாலும் அதே கேள்வி: கடைசியாக எங்கே கண்டீர்கள்? வீட்டுக்குள்ளே, பாயில், சோற்றுக்கு முன்னால் என்று சொல்வாளாம். எழுதுகிறவர்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார்களாம்.

"உள்ளுக்கை இருந்தவனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்று அக்கா ஆரணியிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "வெளியில நிண்டவன் நோர்வேயில நிண்டு கோழி அடைக்கிறான். டேய், கேக்குதோ? உனக்குத்தான் சொல்லுறன்."

கேட்டது. இவ்வளவு காலமும் இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பயத்தை எங்காவது ஓர் இடத்தில் வைக்கவேண்டியிருந்தது. உள்ளே வைத்தால் நான் எங்கே போய்ப் படுப்பது? அதனால் அதை வெளியில் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டேன். பிள்ளை வளர்ந்தது அந்தப் பூட்டின் இந்தப் பக்கத்தில்.

ஆரணி கைபேசியை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனாள். யன்னலால் பார்த்தேன். மரத்தடியில் அண்ணாந்துகொண்டு நின்றாள்.

6

ஓம் என்ற பெட்டியை அமத்தினேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சுதனைக் கொண்டுபோன இரவில் ஊரில் எந்த நாய் குரைத்ததோ எனக்குத் தெரியாது, ஆனால் இங்கே எந்தக் கார் வாசலில் வேகம் குறைத்தாலும் இன்றைக்கும் என் கை கோப்பையை வைத்துவிடும். அமத்திவிட்டு, அரை மணித்தியாலத்துக்குள் ஆசிரியருக்கு ஐந்து கேள்வி எழுதினேன். ஐந்துக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. பெரித் இரண்டு சோடி கம்பளிக் காலுறை கொண்டுவந்து தந்தார். புள்ளியின் பூவுக்குக் களிம்பு பூச ஆரணி எனக்குப் பிடித்துத் தந்தாள். காற்றும் ஈரமும் உள்ள நாட்களில் மட்டும் அதைக் கூட்டுக்குள் விடுவது, மற்ற நாட்களில் அதன் விருப்பம் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தமிழில் செய்த ஒப்பந்தம்.

போகிற காலையில், தோளில் தன் உயரத்துக்கு மூட்டை.

"போட்டு வாறன், அப்பா."

"பின்னேரம் ஒரு செய்தி போடு."

"அங்கை சில இடத்தில சிக்னல் இல்லை."

"இருக்கிற இடத்தில நிண்டு போடு."

மாசியில் இங்கே வெளிச்சம் நாலு மணிக்கு மேலும் நிற்கும். அது மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியபோது அக்கா எடுத்தாள். ஞாயிறு இல்லை. அவளுக்கும் அன்று இருப்புக் கொள்ளவில்லைப் போல.

"பிள்ளை மலைக்குப் போட்டாளோ?"

"காலமையே போட்டாள்."

"பயந்துகொண்டு நிக்கிறியோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதை. உன்ர மூச்சுக் கேக்குது."

அப்போது கைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. தமிழ் எழுத்தில், எழுத்துப் பிழை இல்லாமல், ஒரு வரி.

அப்பா, அடைஞ்சிட்டன்.

எந்த மனிதரும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. அது கோழிக்குச் சொல்கிற சொல். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "கோழிக்குஞ்சு!" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் பக்கத்தில் மின்விசிறி சுழல்கிற சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா கடைசியில இதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவ" என்றாள் பிறகு. "சுதன் திரும்பி வாறதைக்கூட விட்டிட்டா. எங்கையாவது அடைஞ்சிட்டான் எண்டு ஆராவது ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், தான் கண்ணை மூடிடுவன் எண்டவ."

வைக்கும்போது, "பிள்ளைக்குப் பதில் போடு, பாத்துக்கொண்டிருக்கும்" என்றாள்.

'ஓம்' என்று எழுதி அனுப்பினேன்.

வெளியே போய் மூன்று கோழியையும் எண்ணிக் கதவை அடைத்தேன். கொளுக்கி இரண்டும் போட்டேன். புள்ளி மரத்தில் இன்னும் அமரவில்லை. கிளையில் ஓர் அடி இந்தப் பக்கம், ஓர் அடி அந்தப் பக்கம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தது. ஏணி சுவரோடு சாய்ந்து நின்றது. நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். ஒருவழியாக அது காலை மடித்து, இறகை ஊதி, தலையைச் செருகியது.

அது அடைந்த பிறகு நான் உள்ளே வந்தேன்.